நகத் தடிமன்

"அக்கா, லேசா தொட்டாலே போற மாதிரி இத வைக்க முடியுமா?"

லோகித் அப்படிக் கேட்டது போன பிப்ரவரியில். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கும் அப்பாவை ஒரு கண்ணால் பார்த்தபடி கேட்டான்.

இன்று அதே ரிமோட் வண்டி, பழுதுபார்க்கும் அவளுடைய கடையில் மேசைமேல் இருக்கிறது.

நாற்காலி வரவில்லை.

அப்பா மட்டும் நிற்கிறார். லோகித் போய் நாற்பது நாள் ஆகிறது. மழித்த தலையில் முடி குத்திட்டு முளைத்திருக்கிறது.

"தாவுதும்மா," என்றார். "ரிமோட்டு விசையத் தொட்டதும் எகிறுது. என்னன்னு பாரு."

பாறை ஏறுகிற வண்டி அது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி வைத்து, யோசித்து யோசித்து ஏற வேண்டும். ஞாயிறு தவறாமல் கிருஷ்ணகிரி மலையடிவாரத்துக்கு அப்பாவும் பிள்ளையும் அதைக் கொண்டுபோவார்கள். பிள்ளை நாற்காலியில் இருந்து ஓட்டுவான். அவன் கால்கள் போக முடியாத இடத்துக்கெல்லாம் வண்டி போகும்.

அவள் வண்டியைக் கவிழ்த்தாள்.

பல்சக்கரங்களுக்கு நடுவே காகிதத் துண்டை விட்டுச் சுற்றினாள். இடைவெளி சரியாக இருந்தது. மோட்டார் தண்டின் திருகை அசைத்தாள். இறுக்கம். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ரிமோட்டைத் திறந்து விசையின் அடியில் ஊதினாள். தூசியே இல்லை.

அங்கெல்லாம் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"நேத்துதான் மொத தடவையா நான் ஓட்டினேன்," என்றார் அவர். "இத்தன நாளா அவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். எருமையாட்டம் போகணும்டா, தவளையாட்டம் தாவாதேன்னு. அவசரக்குடுக்கை, பொறுமையா அழுத்தத் தெரியலையேன்னு. சிரிப்பான்."

வண்டியின் கூரையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"வண்டியிலதான் கோளாறுன்னு அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

அவள் நிமிரவில்லை.

பல்லு தேஞ்சிருக்குங்க. அந்த ஒரு பொய்யைச் சொன்னால் போதும். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

சொல்லாமல், ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். விசையை முழுதாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். முழு அழுத்தம் எது என்று வண்டிக்கு ஒருமுறை சொல்லித்தர வேண்டும். இழுத்துப் பிடித்தபடியே வண்டியை ஆன் செய்ய வேண்டும். ஒரு சின்னச் சத்தம் வரும்.

அதோடு பழையதை மறந்துவிடும்.

அவர் இழுத்தார். விரல் கைப்பிடிவரை மடங்கியது. எவ்வளவு சுலபமாக மடங்கியது.

அவளுடைய கட்டைவிரல் வண்டியின் சுவிட்சின்மேல் நின்றது.

பிப்ரவரியில் லோகித்தும் இப்படித்தான் பிடித்தான். விசை பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"இவ்ளோதான் அக்கா முழுசு," என்றான். "விரல் சோம்பேறி ஆயிடுச்சு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கால் போனப்பவே ஒரு வாரம் சாப்பிடல அவரு."

அந்தப் பாதியையே முழுசு என்று அவள் வண்டிக்குச் சொல்லித்தந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகியதுதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளை யாரும் எதுவும் கேட்பதும் இல்லை.

பேசாததையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பாள்.

கட்டைவிரலை எடுத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். அதுவரை யாருக்கும் காட்டாத நோட்டு அது. பக்கத்தைத் தேடி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

லோகித். விரல் இழுக்கும் தூரம்.

பிப்ரவரி: பென்சில் தடிமன்.

மே: பாதிப் பென்சில்.

ஜூலை: தீக்குச்சித் தடிமன்.

செப்டம்பர்: நகத் தடிமன்.

கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில்: வண்டி தாவுமே என்றேன். தாவட்டும், திட்டு வாங்கிக்கிறேன் என்றான்.

அவர் நின்றுகொண்டே படித்தார்.

மறுபடி மேலிருந்து படித்தார். செப்டம்பரில் நின்றுவிட்டார்.

அப்போதுதான் கவனித்ததுபோல் தன் விரலைப் பார்த்தார். அது இன்னும் விசையை முழுதாக இழுத்துப் பிடித்திருந்தது. மெல்ல விட்டார்.

"இன்னும் அழிக்கலைங்க," என்றாள் அவள். "அவன் வச்சது அப்படியே இருக்கு."

அவர் வண்டியைத் தரையில் இறக்கி ஆன் செய்தார்.

விசையில் விரலை வைத்தார். வண்டி எகிறிப்போய் ஸ்டூல் காலில் மோதியது.

மறுபடி வைத்தார். மோதியது.

மூன்றாம் முறை அவர் அழுத்தவில்லை. தூங்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் விரலை ஒட்ட வைத்தார். அதற்கும் குறைவாக.

சக்கரங்கள் அசைந்தன.

வண்டி திரும்பியது. தரையைக் கடந்தது. வாசல்படியில் முன் சக்கரம் இறங்கிக் காத்திருந்தது. பிறகு பின் சக்கரம். தாவவில்லை.

வெயிலில் இறங்கி, ஜல்லிக்கற்களின் மேல், எருமையாட்டம் போனது.

அவர் அதன் பின்னால் நடந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த நாட்களில் நடந்த அதே நடை. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.