எட்டு விரல்

லென்ஸ் முன்னால் போனது, பின்னால் வந்தது. நிற்கவே இல்லை.

ஓமப் புகை மேடையை மூடியிருந்தது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தயாளனின் புதுக் கேமரா தவித்தது. ஃபோகஸ் கிடைக்கும்வரை பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் அது கிளிக் ஆகாது. அதைச் செய்தவர்கள் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை போலிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தயாளன் என் பார்ட்னர். தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருவரும் ஸ்டுடியோ வைத்து ஒன்பது வருஷம். போன மாதம் பர்மா பஜாருக்குப் போய், தானாகவே ஃபோகஸ் செய்யும் கேமராவை வாங்கி வந்தான். தொண்ணூற்றொன்றில் அது பெரிய அதிசயம். முகூர்த்தத்துக்கு மட்டும் அதை நம்பாதே, கையால் திருப்பு என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாளாவது நீ கம்முனு இரு. எல்லாம் கேமராவே பாத்துக்கும்" என்றான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

ஐயர் கையைத் தூக்கிவிட்டார். கெட்டிமேளம் காதைப் பிளந்தது. மாப்பிள்ளை கையில் தாலி.

மாலை மாற்றுவதைத் தவறவிட்டால் இன்னொரு தடவை மாற்றச் சொல்லலாம். தாலியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் அந்த ஒரு படம் தவறி, ஆறு மாதம் அந்தத் தெருப்பக்கமே நான் தலைகாட்டவில்லை. இன்றைக்கு வேறு எந்தப் படம் வேண்டுமானாலும் போகட்டும். இது மட்டும் போனால் என்னால் தாங்க முடியாது.

ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்கலாம் என்றால், அன்றைக்குப் பார்த்து என்னால் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. கத்தினாலும் மேளத்தில் கேட்காது.

ஆனால் மேளச் சத்தத்துக்கென்றே எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. முஷ்டியைக் காட்டினால், கையால் ஃபோகஸ் செய் என்று அர்த்தம். அப்புறம் எத்தனை விரலோ, அத்தனை அடி.

முந்தின நாள் சாயங்காலமே மேடையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். மணையிலிருந்து சரியாக ஏழடி. கூட்டம் இடித்ததில் தயாளன் கோட்டுக்கு ஒரு அடி பின்னால் நின்றான்.

முஷ்டியைத் தூக்கினேன். பிறகு எட்டு விரல்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கில் விரல் வைத்தார். ஐயர் பாதி மந்திரத்தை விழுங்கினார். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன?

தயாளன் பார்த்துவிட்டான். ஸ்விட்சைத் தள்ளி, லென்ஸை எட்டுக்குத் திருப்பினான். அது அசையாமல் நின்றது. ஃபிளாஷ் தயார் என்று அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. அசட்டுச் சிரிப்போடு கட்டைவிரலைக் காட்டினான்.

ஜெயித்துவிட்டேன்! அவ்வளவு பெரிய எந்திரத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, வெறும் கண்ணை வைத்து ஜெயித்துவிட்டேன்.

மாப்பிள்ளை என் காதோரம் குனிந்தார். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப கட்டட்டா, இல்ல இன்னும் ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணணுமா?"

நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டு கழுத்தை நீட்டினேன், கேமராவைப் பார்த்தபடி.