எட்டுக்கான விரல்

கணினி ஆசிரியர் சற்குணத்தின் வீட்டில் வயதை இரும எண்ணில்தான் காட்டுவார்கள். நீட்டிய விரல் ஒன்று, மடக்கியது பூஜ்யம்; கட்டைவிரலில் தொடங்கி விரல்களின் மதிப்பு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் நீட்டினால் ஏழு. எட்டுக்கு அவற்றை மடக்கி, மோதிர விரலை மட்டும் நிமிர்த்த வேண்டும்.

"தனியா நிக்க மாட்டேங்குதுப்பா" என்று மகள் ஆதிரை சிணுங்குவாள்.

"பொறந்தநாள் வர்றதுக்குள்ள நின்னுடும்டா" என்பார்.

பிறந்தநாள் வந்தது. மாலையிட்ட படத்தில் அவள் மூன்று விரல்களை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சற்குணம் தன் மோதிர விரலை நிமிர்த்தப் பார்த்தார். சுண்டுவிரலும் கூடவே எழுந்தது. இந்தக் கணக்கே வேண்டாம் என்று எப்போதும் ஒதுங்கிவிடும் மனைவி பிரமிளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை வாங்கி, மற்ற விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத் தூக்குங்க."