பிடுங்கிய கோல் கம்பங்கள்

கிரான்பர்ன் வளர்பிறைக் கழகம் முப்பத்தொரு வருடமாக உதைபந்தாட்டம் ஆடிய மைதானத்தை வீடு கட்டும் கம்பனி ஒன்று வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து கோல் கம்பங்களைப் பிடுங்கி லொறியில் ஏற்றினார்கள். குழிகளை மண் போட்டு மூடினார்கள். கழகச் செயலாளர் மிருணாளினி பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறியதும் கம்பங்களின் நிழல் வழக்கமான இடத்தில் புல்லின்மேல் விழுந்தது. மிருணாளினி அதை ஒருமுறை சுற்றி வந்தாள். அதிசயப்பட நேரமில்லை, பத்து மணிக்கு மச், நடுவரும் அவள்தான். விசிலை ஊதி, ஆட வந்த பெடியளைக் கூப்பிட்டாள்.

ஆட்டம் சூடு பிடித்தபோது கம்பனியின் மேற்பார்வையாளன், சென்னைக்காரன் ஸ்ரீகாந்த், எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.

"மேடம், இது இப்ப கிரவுண்டே இல்ல. போஸ்ட்கூட இல்லாம எங்க கோல் போடுவீங்க?"

"நிண்டு பாருங்கோ தம்பி."

கழகத்து நிதுஷன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து வெறுங்காற்றில் 'டங்' என்று மோதித் திரும்பி, ஸ்ரீகாந்தின் காலடிக்கு உருண்டு வந்தது. அவன் குனிந்து அதைக் கையில் எடுத்தான்.

"போஸ்ட்டில பட்டது. கோல் இல்லை!" என்று கத்தினாள் மிருணாளினி. "தம்பி, பந்தை விட்டுப்போட்டு லைனுக்கு வெளியால நில்லுங்கோ. மச் இன்னும் முடியேல்லை."