ஈரமில்லாத அழுகை

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் குழந்தையின் வயிற்றில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. அந்த வயிற்றுத் தோலை டாக்டர் இரண்டு விரலால் கிள்ளி விடுகிறார். மடிப்பு சட்டென்று விரியாமல் சோம்பலாகப் படிகிறது. "பேதி போகும்போது தண்ணி குடுத்தியாம்மா?" "குடிச்சதும் வாந்தி எடுத்தான் டாக்டர், அதான் நிறுத்திட்டேன்." "எடுத்தா எடுக்கட்டும். ஓ.ஆர்.எஸ் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இரு. அழும்போது கண்ணுல தண்ணி வருதான்னு பாரு. வரலேன்னா ட்ரிப்ஸ் ஏத்திடலாம்." அம்மா ஊட்டிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை அழத்தான் செய்கிறான். கண் மட்டும் காய்ந்து கிடக்கிறது. பிறந்ததிலிருந்து அழாதேடா தங்கம் என்று கெஞ்சிய வாய், இப்போது அழுடா, நல்லா அழு என்று முணுமுணுக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்ட பெண்குழந்தை தாரைதாரையாகக் கண்ணீர் விடுகிறாள். அந்த ஈரக் கன்னத்தையே இவள் ஏக்கத்தோடு பார்க்கிறாள். ஸ்பூன் கிண்ணத்தில் இடித்து இடித்துச் சத்தம் போடுகிறது. வெயில் வயிற்றைவிட்டுக் கட்டில் சட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. இன்னொரு ஸ்பூன். பிள்ளை முகத்தைச் சுளித்து வீறிடுகிறான். இமையோரம் ஏதோ மினுங்கி, திரண்டு, மெல்லக் கன்னத்தில் இறங்குகிறது. பழக்கத்தில் துடைக்கப் போன அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது.