மடக்கு சைக்கிளுக்குப் பம்பு பார்த்த கதை

மடக்கு சைக்கிள் ஒன்று ஊர் சுற்றக் கிளம்பியது. கூடவே கொண்டுபோக ஒரு கைப்பம்பு வேண்டும். வழியில் காற்று இறங்கினால் ரயிலைப் பிடிக்க முடியாது. ரயில் போனால் பயணமே போச்சு.

கடையில் ஒரு குட்டிப் பம்பு கூச்சத்தோடு வந்து நின்றது. சைக்கிள் அதைப் பெண் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தது. பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது.

"கனமே இல்லை. நான் மடிஞ்சாலும் இடிக்காது. சீட்டு அண்ணே, என்ன சொல்றீங்க?"

"அடக்கமான பம்பாத் தெரியுது" என்றது சீட்டு.

"ஹேண்டில்பார் மாமா?"

"நிறம் எடுப்பா இருக்கு. பேசி முடிச்சிடலாம்."

பின்டயர் கீழேயிருந்து கத்தியது. "ஏம்ப்பா, காத்து அடிச்சுக்கப்போறது நான். அதோட வாய் என் வால்வுக்குப் பொருந்துமான்னு ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்!"

"பெரியவங்க பேசுறோம்ல? சும்மா கெட!" என்று மூன்றும் சேர்ந்து அதட்டின.

பாதி வழியில் பின்டயரில் காற்று இறங்கிவிட்டது. பம்பு ஓடிவந்து வாயை வைத்தது. பொருந்தவில்லை. அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியே போனது.

"எனக்கு இந்த மாதிரி வால்வு பழக்கமில்லீங்க" என்று பம்பு அழுதது.

தூரத்தில் ரயில் கூவிக்கொண்டே போய்விட்டது.

சைக்கிள் ரோட்டோரம் மடிந்து உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தது. பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னது:

"தப்பு நம்ம மேலதான். பெல் சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."