அவர் சொல்வதே சரி

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நான் ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். "எடையை வச்சுக் கேட்கறியா?"

"விளையாடாதீங்க. என் கணக்கையே மூடப்போறாங்களாம்."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். திரை முழுக்கப் பிரெஞ்சு. பிரெஞ்சு என்றால் அவருக்குத் தெரிந்தது தாடி மட்டும்தான் என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பவள் அவள். அதனால் திருப்பிய வேகத்திலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் எழுதும் பிரெஞ்சு அகராதி அது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடலாம். 'தூக்கணாங்குருவி' என்ற புனைபெயரில் அவள் எழுதியதும் அதிகம், போட்ட சண்டையும் அதிகம். அலுவலகத்தில் மேலதிகாரி பேச விடமாட்டார், வீட்டில் நாத்தனார் பேச விடமாட்டாள். அவள் சொல்வதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

"அப்படி என்ன தப்பு பண்ணிட்டே?"

"'குடை'ன்னு ஒரு ஆள். நான் எந்த விவாதத்துல மாட்டிக்கிட்டாலும் கொஞ்ச நேரத்துல வந்து 'அவர் சொல்வதே சரி'ன்னு எழுதிட்டுப் போயிடுவார். வேற எதுவும் எழுதறதில்லை. இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு இன்டர்நெட் இணைப்புலேருந்து எழுதறோம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தக் குடையும் நானேதானாம்! எனக்கு நானே கைதட்டிக்க ரெண்டாவது கணக்கு வச்சிருக்கேனாம்!"

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலர் மேலேயே நின்றது.

"கருகுது, கருகுது!" என்று கத்தினாள்.

அவர் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "அந்த ஆளோட பிரெஞ்சு எப்படி? ரொம்ப மோசமா?"

"இப்ப அதுவா முக்கியம்? காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிறவங்க எழுதற மாதிரி இருக்கும். ஆனா தப்பு இருக்காது."

"ஓ" என்றவர், கருகின சட்டையைக் கவனமாக மடிக்க ஆரம்பித்தார்.

"சாயங்காலம் நிர்வாகிகள் வீடியோவில கூப்பிடறாங்க. குடை நிஜமாவே வேற ஆளுன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து கேமரா முன்னாடி உட்காரணுமாம். இல்லேன்னா ரெண்டு கணக்கும் காலி. அப்புறம் அந்த அகராதியில ஒரு எழுத்தைக்கூட நான் தொட முடியாது." அவள் மடிக்கணினியை மூடினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஆள் வந்து நின்னாலே எனக்கு எவ்வளவு தெம்பா இருக்கும் தெரியுமா? போன மாசம் உங்க அக்கா என்னை அந்தப் பேச்சு பேசினாங்க. நீங்க பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டீங்க. முகம் தெரியாத ஒருத்தர் என் பக்கம் பேசறார், என் புருஷன் பேசலை."

அவர் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். பதில் வராது என்று அவளுக்கும் தெரியும்.

சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது. "மாடி டாக்டர்! நம்ம இணைப்பைத்தானே அவருக்கும் கொடுத்திருக்கோம்?"

"இரு, அவசரப்படாதே. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அதற்குள் அவள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

மாடியில் பல் டாக்டரின் கிளினிக். நோயாளி ஒருவர் வாயை 'ஆ'வென்று திறந்தபடி சாய்ந்திருந்தார்.

"டாக்டர், குடை நீங்கதானே?"

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஏம்மா, மழை வருதா?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நோயாளியும் வாயை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரெஞ்சா? நான் எழுதின மருந்துச் சீட்டை எனக்கே படிக்க வராதும்மா" என்று சிரித்தார் டாக்டர். "அதோட உங்க இணைப்பை நான் விட்டு ரொம்ப நாளாச்சு. தனியா வாங்கிட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே, அவர் சொல்லலையா?"

"அவர் எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கார்!" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள்.

ஆக, யாரோ இணைப்பைத் திருடுகிறார்கள். அதை எப்படி நிரூபிப்பது? வேறொருவர் இப்படி ஒரு கதையோடு வந்திருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள். கணவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்குமே என்று ஒளிந்துகொண்டார் போலிருக்கிறது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. போகிற கணக்கு மரியாதையோடு போகட்டும் என்று முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தாள்.

அழைப்பு வந்தது. திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த அம்மையார் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கள் வந்துவிட்டீர்கள். குடை எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது, பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காரு" என்றார் கணவர். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினார்:

"குடை நான்தான். எங்கள் மொழியில் இவளுக்காக வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அதனால்தான் உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டேன்."