கேட்டுக்கு வெளியே

"அந்தம்மாகிட்ட வாயே திறக்காதீங்க. கம்பெனி ஆளா இருந்தாலும் இருக்கும்" என்று வக்கீலம்மா அவள் காதில் கிசுகிசுத்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், மடியில் துணிப்பையுடன் நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"ஆலை கேஸ் அப்பீல்ல வந்தா போதும், வந்து உட்கார்ந்துடுவாங்க. நாம பேசினா கல்லு மாதிரி இருப்பாங்க. கம்பெனி வக்கீல் எழுந்ததும் அந்த முகத்தைப் பாருங்க, தெரியும்."

கம்பெனி வக்கீல் எழுந்தார்.

வேலை முடிந்து ஆலை கேட்டைத் தாண்டிய அவள் கணவனைக் கம்பெனி லாரியே அடித்துப் போட்டுவிட்டது. நஷ்டஈடு கேட்டதற்குக் கீழ்க்கோர்ட் கைவிரித்தது. பல வருஷம் முன்பு இதே போல் செத்துப்போன ஒரு தொழிலாளியின் வழக்கில், 'கேட்டைத் தாண்டினால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை' என்று இந்தப் பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டதாம். அந்தத் தீர்ப்புக்கு அந்தத் தொழிலாளியின் பெயர்தான். கம்பெனி வக்கீல் மூச்சுக்கு மூச்சு அந்தப் பெயரைச் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வரிசை முகம் மலர்ந்தது.

ஐந்து நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். "சாகும்போது அவர் கையில கிடங்குச் சாவி இருந்திருக்கு. அதனால அவர் இன்னும் வேலையிலதான் இருந்தார்னு வச்சுக்கலாம். பழைய தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாதுன்னு சொல்லி முடிச்சுடலாமே? அதையே ஏன் மாத்தச் சொல்றீங்க?"

"கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் வக்கீலம்மா.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் சொன்னார்: "சாவி போதும். கைக்கு எட்டினதை விட்டுடாதீங்க. பழைய தீர்ப்பைத் தொட ஜட்ஜுங்கள்ல ரெண்டு பேருக்கு மனசே இல்ல."

அவர் நகர்ந்ததும் அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாவியைச் சொல்லாதம்மா. அந்தத் தீர்ப்பையே எடுக்கச் சொல்லு."

"என்னைத் தோக்கடிக்கத்தானே வந்திருக்கீங்க? அவங்க வக்கீல் பேசினா உங்களுக்கு வாயெல்லாம் பல்லு. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்!"

அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"அடுத்து வர்றவ வீட்டுக்காரன் கையில சாவி இருக்காதேம்மா. அந்தத் தீர்ப்பு இருக்கிற வரைக்கும் அவளை மாதிரி எல்லாரும் தோத்துக்கிட்டேதான் இருப்பாங்க" என்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அவள் சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதினால் இன்றைக்கும் கை தானாக ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கிறது. அப்புறம் ஒன்றைக் கழுவாமலே திருப்பி வைக்கிறாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படியோ?

"மேடம், சாவியைப் பத்திப் பேச வேண்டாம்" என்றாள்.

"தோத்தா ஒண்ணுமே கிடைக்காது."

"தெரியும்."

வக்கீலம்மா கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று பொழுது சாயும்வரை வாதாடினார்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. ஐவரில் மூவர் ஒரே பக்கம் நின்றார்கள். 'கேட்டோடு பொறுப்பு முடிவதில்லை. பழைய தீர்ப்பு தவறானது. இனி எந்தக் கோர்ட்டிலும் அதை எடுத்துக்காட்ட முடியாது.'

வக்கீலம்மா அவளைக் கட்டிக்கொண்டார். அவள் கையை விடுவித்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு ஓடினாள். அந்த அம்மாள் துணிப்பையில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் பெரியம்மா, மன்னிச்சிடுங்க. ஜெயிச்சுட்டோமே, ஏன் அழறீங்க?"

"சந்தோஷம்தாம்மா. நான் கேட்டதும் இதைத்தானே..." கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகிக்கொண்டிருந்த கோர்ட்டைப் பார்த்தாள். "அந்தத் தீர்ப்புல இருந்தது என் பையன் பேரு. வீட்ல அதைச் சொல்ல ஆளில்ல, இங்க வந்தா யாராவது சொல்லுவாங்க. இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."